இன்னைக்குக் கொட்டுற முடி மூணு மாசம் முன்னாடியே கிளம்பிடுச்சு

முடி கொட்ட ஆரம்பிச்சதும் நாம எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது போன வாரத்தைத்தான். போன வாரம் ஷாம்பூ மாத்தினேன், புது வீட்டுக்கு வந்தோம் இங்க தண்ணி சரியில்ல, நாலு நாளா தூக்கமே இல்ல, இப்படி. பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைய உருண்டையா முடி அடைச்சுக்கிட்டு நிக்கிறதப் பாக்குறப்போ வர்ற பயத்துல கைக்கு எட்டுற காரணத்தப் பிடிச்சுக்கிறோம், அது மனுஷ சுபாவம். ஆனா தேட வேண்டிய இடம் அது இல்ல. காலண்டர்ல சுமார் மூணு மாசம் பின்னாடி போகணும்.

ஏன் மூணு மாசம்னு புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும், அதனால கொஞ்சம் பொறுமையா இத சொல்லிடறேன். தலைல சராசரியா 1 லட்சம் முடி இருக்கு. ஒவ்வொரு முடியோட வேரும் தனித்தனி கடிகாரத்துல ஓடுது. 2 வருஷத்துலேர்ந்து 6 வருஷம் வரைக்கும் வளர்ற காலம், அப்புறம் ரெண்டு மூணு வாரம் கடையைக் கட்டற காலம், அதுக்கப்புறம் சுமார் மூணு மாசம் ஓய்வு. ஓய்வு முடிஞ்சு கீழேர்ந்து புது முடி கிளம்பற நேரத்துல பழசு உதிருது. எந்த நேரத்துல எண்ணினாலும் 85லேர்ந்து 90 சதவீதம் முடி வளர்ற கட்டத்துல இருக்கும், மிச்சத்துல பெரும்பாலானது ஓய்வுல இருக்கும். இப்போ கணக்கு போட்டுப் பாருங்க. 1 லட்சத்துல 10 சதவீதம்னா 10,000 முடி ஓய்வுல இருக்கு, அது எல்லாம் சுமார் 100 நாள்ல உதிரணும்னா ஒரு நாளைக்கு 100. "தினமும் 50லேர்ந்து 100 முடி கொட்டினா நார்மல்"னு டாக்டருங்க சொல்ற நம்பர் இந்தக் கணக்கோட அப்படியே ஒத்துப்போகுது.

இப்போ உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுதுன்னு வைங்க. கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், திடீர்னு சாப்பாட்டப் பாதியா குறைக்கிறது, ரொம்ப நெருக்கமானவங்க இறந்து போறது. அந்த நேரத்துல வளர்ந்துக்கிட்டிருந்த நிறைய வேர் ஒரே சமயத்துல வேலைய நிறுத்திட்டு ஓய்வுக்குப் போயிடும். ஆனா முடி அன்னைக்கே விழாது, இடத்த விட்டு நகராம அப்படியே நிக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு, நீங்க அந்தக் காய்ச்சலையே மறந்து போனதுக்கப்புறம், ஒண்ணா சேர்ந்து விழும். 10 சதவீதத்துக்குப் பதிலா 30 சதவீதம் ஓய்வுக்குப் போயிருந்தா மேல சொன்ன அதே கணக்குல ஒரு நாளைக்கு 300 முடி. இதுக்கு டெலோஜன் எஃப்ளூவியம்னு பேரு. கொரோனா வந்து தேறினவங்க நிறைய பேருக்கு சரியா ரெண்டு மூணு மாசம் கழிச்சு சீப்பு நிறைய முடி வந்ததுக்குக் காரணம் இதுதான். பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறதும் கிட்டத்தட்ட இதே கதைதான், கர்ப்பமா இருக்கறப்போ ஈஸ்ட்ரோஜன் முடிய வளர்ற கட்டத்துலயே பிடிச்சு வெச்சிருக்கும், குழந்தை பிறந்ததும் அந்தப் பிடி விட்டுடும், அவ்வளவுதான்.

உடம்பு ஏன் முடியில கை வைக்குது? முடி வேர்ல இருக்கற செல்லுங்க உடம்புலயே ரொம்ப வேகமா பெருகுற செல்லுங்கள்ல ஒண்ணு, அதனாலதான் வேகமா பெருகுற செல்லப் பாத்து அடிக்கிற கீமோதெரபி மருந்து முடியையும் சேத்து அடிக்குது. வேகமா பெருகணும்னா நிறைய சரக்கு வேணும். அதே சமயம் முடி இல்லாட்டியும் உயிர் போகாது. வீட்ல காசு தட்டுப்பாடு வந்தா அரிசிய நிறுத்த மாட்டோம், பூ வாங்கறதத்தான் நிறுத்துவோம், உடம்பும் அந்த மாதிரிதான் குடும்பம் நடத்துது. இதயம், மூளை, ரத்தம் எல்லாத்துக்கும் பங்கு போனதுக்கப்புறம் மிச்சம் இருந்தாதான் முடிக்கு.

சாப்பாடு முடியில எழுதற கையெழுத்த ரொம்பத் தெளிவா காட்டுற ஒரு விஷயம் இருக்கு. ஜமைக்கால பிறந்த சிசிலி வில்லியம்ஸ்ங்கற டாக்டர், இன்னைக்கு கானான்னு சொல்ற கோல்டு கோஸ்ட்ல வேலை பாத்தப்போ, புரதம் இல்லாத சாப்பாட்டால குழந்தைகளுக்கு வர்ற ஒரு நோயப் பத்தி 1933ல எழுதினாங்க, பின்னாடி குவாஷியார்கர்னு அதுக்குப் பேர் வந்துச்சு. அந்த நோய் வந்த குழந்தைங்க முடியில சில சமயம் ஒரு பட்டை கருப்பா, அடுத்த பட்டை வெளிறின நிறத்துல, மறுபடி கருப்பான்னு கொடி மாதிரி கோடு கோடா இருக்கும். சாப்பாடு கிடைச்ச மாசம் கருப்பு, கிடைக்காத மாசம் வெளிறல். முடி மாசத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வளருது, அப்போ 30 சென்டிமீட்டர் முடின்னா அது ரெண்டரை வருஷ டைரி.

ஆனா இங்க ஒரு பிரேக் போட்டாகணும். முடி கொட்டுறது எல்லாமே சாப்பாட்டால இல்ல, அதிகமா பாக்குற வகை பரம்பரையா வர்றதுதான். ஆம்பளைங்களுக்கு நெத்தி ரெண்டு பக்கமும் ஏறும், உச்சந்தலை தெரியும். பொம்பளைங்களுக்கு வகிடு அகலமாகிட்டே போகும். டெஸ்டோஸ்டிரோன்லேர்ந்து உண்டாகுற டிஎச்டிங்கற ஹார்மோனுக்கு சிலரோட முடி வேர் பிறவியிலேயே கூச்சம் காட்டுது, ஒவ்வொரு சுத்துலயும் வேர் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, தடிமனா இருந்த முடி கடைசில பூனை முடி மாதிரி ஆயிடுது. (பொம்பளைங்க விஷயத்துல டிஎச்டியோட பங்கு இவ்வளவு நேர்க்கோடா இல்ல.) 1942லயே ஹாமில்டன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர், வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே விதை நீக்கப்பட்ட ஆம்பளைங்களுக்கு வழுக்கை விழறதில்லன்னு காட்டினார். 1974ல டொமினிக்கன் குடியரசுல, டிஎச்டிய உண்டாக்குற நொதி பிறவியிலேயே குறைவா இருந்த ஆளுங்களப் பத்தி ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அவங்களுக்கும் அந்த மாதிரி வழுக்கை இல்ல. அந்த வழியா யோசிச்சு வந்த மருந்துதான் ஃபினாஸ்டரைடு, 1997ல ஆம்பளைங்க வழுக்கைக்கு அமெரிக்கால அனுமதி கிடைச்சுது. இந்த வகையில கீரை சாப்பிட்டு நெத்திய கீழ இறக்க முடியாது. சிலர் பத்து வருஷமா கீரையும் முட்டையும் தின்னுட்டு "எனக்கு ஒண்ணும் கேக்கல"ன்னு நொந்து போறாங்க, பாவம், வேற பூட்டுக்கு சாவி போட்டுக்கிட்டிருக்காங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு, ரெண்டும் ஒண்ணா வரலாம். பரம்பரைல லேசா சுருங்க ஆரம்பிச்ச தலைல ஒரு காய்ச்சலோ கிராஷ் டயட்டோ சேர்ந்தா, அதுவரைக்கும் மறைஞ்சிருந்தது பட்டுன்னு வெளிய தெரியும். அப்போ சாப்பாட்ட சரி பண்ணினா சேர்ந்து கொட்டினது திரும்பி வரும், பரம்பரைப் பங்கு திரும்பாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எல்லாரும் எந்த வைட்டமின்னு கேக்குறாங்க, ஆனா முதல் கேள்வி மொத்தமா எவ்வளவு சாப்பிடறீங்கங்கறது. வேகமா எடை குறைக்கறவங்களுக்கு முடி கொட்டுறது ரொம்ப சகஜம், எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு நாலு மாசத்துல கொட்டுறது டாக்டருங்களுக்கு பழகிப் போன விஷயம், இப்போ வந்திருக்கற எடை குறைப்பு ஊசி போடறவங்களும் இதே புகாரோட வர்றாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி பட்டினி கிடந்து ஒல்லியாகி, கல்யாண போட்டோல நல்லா இருந்து, அதுக்கு அடுத்த மாசம் அழறவங்கள நான் பாத்திருக்கேன். எடை குறைக்க வேண்டாம்னு சொல்லல, மெதுவா குறைங்க, குறைக்கிற காலத்துல புரதத்த மட்டும் குறைக்காதீங்க.

முடியில பெரும்பகுதி கெரட்டின்ங்கற புரதம். பெரியவங்களுக்குப் பொதுவா சொல்ற குறைந்தபட்ச அளவு எடைல ஒரு கிலோவுக்கு 0.8 கிராம், அப்போ 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். ஒரு முட்டைல சுமார் 6 கிராம்தான் இருக்கு. காலைல காபி, மதியம் தட்டு நிறைய மாவுச்சத்து, ராத்திரி ஏதோ கொஞ்சம்னு ஓட்டறவங்க ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டா பாதிகூட தேறாது. பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன், கறி, எது உங்களுக்கு ஒத்துக்குதோ அது. அதுக்காக தேவைக்கு மேல புரதப் பவுடர கலக்கிக் குடிச்சா முடி கூடுதலா வளரும்னு நினைக்காதீங்க. குறைய நிரப்பினா பலன் உண்டு, நிரம்பினதுக்கு மேல ஊத்தினா வழியும். இந்த ஒரு வரிய பின்னாடி வர்ற எல்லா சத்துக்கும் போட்டுக்கலாம்.

இரும்புச்சத்து பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா மாதவிடாய் வர்ற வயசுல இருக்கற பொம்பளைங்களுக்கு இதுல குறை ரொம்ப சகஜம். "ஹீமோகுளோபின் நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, அப்போ இரும்பு இருக்கு"ன்னு விட்டுடறாங்க. ஹீமோகுளோபின் கைல இருக்கற செலவுப் பணம் மாதிரி, இரும்பச் சேத்து வைக்கிற புரதமான ஃபெரிட்டின் பேங்க்ல இருக்கற சேமிப்பு. உடம்பு சேமிப்ப எடுத்து எடுத்து செலவப் பாத்துக்கும், சேமிப்பு காலியானதுக்கு அப்புறம்தான் ஹீமோகுளோபின் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் 15 ng/mLக்குக் கீழ போனா குறைன்னு சொல்லுது, முடி பாக்குற தோல் டாக்டருங்க பலர் 40க்கு மேல இருந்தா நல்லதுன்னு பாக்கறாங்க, இதுல ஆராய்ச்சிங்க ஒரே குரல்ல பேசலங்கறதையும் சொல்லிடணும். இன்னொண்ணு, உடம்புல எங்கயாவது அழற்சியோ காய்ச்சலோ இருந்தா ஃபெரிட்டின் ஏத்திக் காட்டும், அதனால காய்ச்சலோட போய் டெஸ்ட் எடுத்து "நல்லா இருக்கு"ன்னு நம்பிடாதீங்க.

கீரை, பயறுல இருக்கற இரும்ப உடம்பு கறி, மீன்ல இருக்கறத விட கம்மியாதான் எடுத்துக்கும். ஆனா அதோட கூட எலுமிச்சையோ கொய்யாவோ ஆரஞ்சோ ஏதோ ஒரு வைட்டமின் சி உள்ளது சேர்ந்தா எடுத்துக்கிற அளவு கூடும். சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா குறையும். செலவே இல்லாத மாற்றம் இது, டீய விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி வெச்சா போதும். குறை நல்லா இறங்கியிருந்தா சாப்பாடு மட்டும் பத்தாது, மாத்திரை வேணும், ஆனா டெஸ்ட் பண்ணாம நீங்களா இரும்பு மாத்திரை போட ஆரம்பிக்காதீங்க, உடம்புக்கு அதிகப்படி இரும்ப வெளிய தள்ற வழி பெருசா கிடையாது, அது கல்லீரல்ல போய் தங்கிடும்.

துத்தநாகம் குறைஞ்சாலும் முடி கொட்டும், ஆனா மாசக்கணக்குல அதிகமா எடுத்தா செம்புச் சத்தக் குறைச்சுடும். வைட்டமின் டி, பி12 குறைஞ்சிருந்தா நிரப்பிக்கோங்க, அது முடிக்காக இல்லாட்டியும் மத்த உடம்புக்கு வேணும். தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, அது கூடினாலும் குறைஞ்சாலும் முடி கொட்டும்.

இப்போ பயோட்டின். முடிக்குன்னு விக்கிற பாட்டில்ல இதுதான் கதாநாயகன். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்னு வெச்சிருக்காங்க, மாத்திரைல இருக்கறது 5,000, 10,000 மைக்ரோகிராம். சாதாரணமா சாப்பிடற ஆளுக்கு பயோட்டின் குறை வர்றதே அபூர்வம். பச்சை முட்டை வெள்ளைக்கருவ மாசக்கணக்குல குடிச்சா வரலாம், அதுல அவிடின்னு ஒரு புரதம் பயோட்டினக் கட்டிப் போட்டுடும், வேகவெச்சா அந்தத் தொல்லை இல்ல. குறையே இல்லாதவங்களுக்கு இந்த மாத்திரை முடி வளக்குதுன்னு சொல்ல உருப்படியான ஆதாரம் இல்ல. காசுதான் போகுதுன்னா விட்டுடலாம், ஆனா இது ரத்தப் பரிசோதனையையும் கெடுக்கும். 2017ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு, மாரடைப்பக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட்ட தப்பா குறைச்சுக் காட்டினதால ஒருத்தர் இறந்த கேஸையும் அதுல சொல்லியிருந்தாங்க. தைராய்டு டெஸ்ட்டையும் இது குழப்பும். யோசிச்சுப் பாருங்க, முடி கொட்டுதுன்னு பயோட்டின் போட்டுக்கிட்டு, ஏன் கொட்டுதுன்னு பாக்க தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போய், அந்த டெஸ்ட்டே பயோட்டினால தப்பா வருது!

அதிகமானா முடியையே கொட்ட வைக்கிற சத்துகூட இருக்கு. வைட்டமின் ஏ ஒண்ணு, செலினியம் இன்னொண்ணு. 2008ல அமெரிக்கால ஒரு சத்து டானிக்ல லேபிள்ல போட்டிருந்ததப் போல 200 மடங்கு செலினியம் தப்பா சேர்ந்துடுச்சு, அதக் குடிச்சவங்க 200 பேர் வரைக்கும் பாதிக்கப்பட்டாங்க, அதுல பல பேருக்கு முடி கொட்டுச்சு, நகம் கெட்டுச்சு. ஆரோக்கியத்துக்குன்னு குடிச்சது. முடிக்குன்னு ஒரு பாட்டில், தோலுக்குன்னு ஒரு பாட்டில், அதோட ஒரு மல்டிவைட்டமின்னு மூணும் போடறவங்க, மூணு லேபிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

அடுத்து வாழ்க்கை முறை. இதுல ஆதாரம் எல்லா இடத்துலயும் ஒரே கனமா இல்ல. மன அழுத்தத்துல முடி கொட்டும்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படின்னு யாரும் சொல்றதில்ல. 2021ல ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் எலில பாத்தது என்னன்னா, அழுத்த ஹார்மோன் முடி வேருக்கு அடியில இருக்கற செல்லுங்கள்ல ஜிஏஎஸ்6ங்கற ஒரு மூலக்கூறு வெளிய வராம தடுக்குது, அது வராததால முடியோட ஸ்டெம் செல்லுங்க ஓய்வுலயே கிடக்குது. எலி மனுஷன் இல்ல, ஆனா வழி இருக்குன்னு தெரியுது. "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றது எனக்கே எரிச்சலான அட்வைஸ், முடி கொட்டுதேன்னு இருக்கற டென்ஷன்ல அதையும் சேத்துக்கிட்டு என்ன பண்றது. தினமும் சீப்புல வந்த முடிய எண்ணறத மட்டும் நிறுத்திப் பாருங்க, அதுவே கொஞ்சம் இறங்கும். தூக்கம் மொத்த உடம்புக்கும் வேணும், முடிக்குன்னு தனியா பெருசா நிரூபிச்சவங்க இல்ல. புகை பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லலாம், 2007ல வந்த ஒரு தைவான் ஆய்வுல 40 வயசத் தாண்டின 740 ஆம்பளைங்களப் பாத்து, பிடிக்கிறவங்களுக்கு வழுக்கை தீவிரமா இருக்கற வாய்ப்பு அதிகம்னு கண்டாங்க. சம்பந்தம் இருக்குன்னுதான் அது காட்டுது, சிகரெட்டே காரணம்னு இல்ல. விடறதுக்கு வேற காரணமா பஞ்சம்?

தலைய எப்படி நடத்தறோம்ங்கறதுல முதல்ல ஒண்ணு பிரிச்சுப் பாக்கணும், வேரோட விழறதா, நடுவுல உடையறதா? விழுந்த முடியோட ஒரு நுனில சின்ன வெள்ளை குமிழ் இருந்தா அது ஓய்வு முடிஞ்சு வந்தது. குமிழே இல்லாம, நீளமும் கம்மியா துண்டு துண்டா இருந்தா உடையுது, அதுக்கு இரும்பும் புரதமும் தேடி பிரயோஜனம் இல்ல, சூடும் இழுப்பும்தான் காரணம். ஈரமா இருக்கற முடி காய்ஞ்சத விட பலவீனம், அப்போ துண்டால முறுக்கறதும் நெருக்கமான சீப்பப் போட்டு இழுக்கறதும் கூடாது. ஈர முடியில அயர்ன் வெச்சா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி முடிக்குள்ளயே குமிழி விடும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா நல்லாவே தெரியும், அந்த இடத்துல முடி ஒடியும். எண்ணெய் தேய்க்கிறதோட பலனும் இந்தப் பக்கம்தான், தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கி புரத இழப்பக் குறைக்குதுன்னு 2003ல ஒரு ஆய்வு காட்டுச்சு, அது இருக்கற முடியக் காப்பாத்தறது, புது முடிய முளைக்க வைக்கிறது இல்ல.

வருஷக்கணக்குல ஒரே இடத்துல இறுக்கிக் கட்டறது வேற கதை. காதுக்கு மேல, நெத்தி ஓரம் மெல்ல வெறிச்சோடும். ஆரம்பத்துல லூசா விட்டா திரும்பிடும், விடாம இழுத்துக்கிட்டே இருந்தா வேர் தழும்பாகி நிரந்தரமா போயிடும். கட்டினதும் நெத்தி வலிச்சா அது இறுக்கம், அழகு இல்ல.

குளிச்சா கொட்டுதுன்னு பயந்து வாரக்கணக்குல தலைக்கே ஊத்தாம இருக்கறவங்க இருக்காங்க. ஏற்கெனவே கழண்டு நின்ன முடிதான் அன்னைக்கு வருது, அஞ்சு நாளுக்கு ஒரு தடவை குளிச்சா அஞ்சு நாள் பாக்கி ஒரே நாள்ல வரும், பாக்க பயங்கரமா இருக்கும், அவ்வளவுதான். குளிக்காம விட்டு பொடுகும் அரிப்பும் சேர்ந்துச்சுன்னா சொறிஞ்சு சொறிஞ்சு உண்மையாவே கெடும்.

இதெல்லாம் சரி பண்ணினா எவ்வளவு நாள்ல தெரியும்? காரணம் போனதுக்கு அப்புறமும் ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்துதான் தீரும், அதனால முதல் ரெண்டு மூணு மாசம் ஒண்ணுமே மாறாத மாதிரி இருக்கும். காய்ச்சல் மாதிரி ஒரு தடவை வந்து போன காரணம்னா பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள கொட்டறது தானா அடங்கிடும், நெத்தி ஓரத்துல குட்டிக் குட்டியா முடி நிமிந்து நிக்கும், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும், மாசம் 1 சென்டிமீட்டர்தானே. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கொட்ட ஆரம்பிச்ச முதல் மாசம் ஒரு எண்ணெய், கேக்கல. அடுத்த மாசம் ஒரு சீரம், கேக்கல. நாலாவது மாசம் யாரோ சொன்ன ஒரு கஷாயம், நின்னுடுச்சு! எதுவுமே பண்ணாம இருந்தாலும் அது அந்த நாலாவது மாசம் நின்னிருக்கும், ஆனா பேரு கஷாயத்துக்குப் போயிடுச்சு, அவங்க அத இன்னும் பத்து பேருக்கு சொல்லுவாங்க. ஊர் உலகத்துல இருக்கற அத்தனை முடி வைத்தியத்துக்கும் "எனக்கு கேட்டுச்சு"ன்னு சாட்சி சொல்ல ஆள் இருக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

காசு மாதிரி வட்டமா ஒரு இடத்துல மொழுக்குன்னு போச்சுன்னா அது உடம்போட எதிர்ப்பு சக்தியே முடி வேரத் தாக்கற நோயா இருக்கலாம். தலைல எரிச்சல், வலி, சீழ், இல்ல தோல் பளபளன்னு தழும்பாகறது, புருவமும் சேர்ந்து போறது, குழந்தைக்கு செதில் செதிலா திட்டு, ஆறு மாசம் தாண்டியும் நிக்காம கொட்டறது, இந்த மாதிரி எதுவா இருந்தாலும் சாப்பாட்ட மாத்திப் பாத்துக்கிட்டு காத்திருக்க வேண்டாம், தழும்பான வேர் திரும்பி வராது. டாக்டர்கிட்ட போறப்போ போன ஆறு மாசத்துல வந்த காய்ச்சல், குறைஞ்ச எடை, புதுசா ஆரம்பிச்ச இல்ல நிறுத்தின மாத்திரை, கருத்தடை மாத்திரை உட்பட, எல்லாத்தையும் தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. பயோட்டின் போட்டுக்கிட்டிருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க, ரத்தம் குடுக்கறதுக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு போன்லயே கேட்டு வெச்சுக்கிட்டு கிளம்புங்க.